மடித்து வைத்த கொடி

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் என் மனைவி பழைய தேக்கு பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அடித்தட்டிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் அகப்பட்டது. பிரித்துப் பார்த்தால் கொடி. கதர்த் துணியில் தைத்த மூவர்ணக் கொடி. 1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதி என் தாத்தா வீட்டு வாசலில் மூங்கில் கழி நட்டு ஏற்றியது அதுதான் என்று சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். கிராமத்துத் தையற்காரரின் கைவேலை. சக்கரத்தை யார் வரைந்தாரோ தெரியாது. எண்ணிப் பார்த்தேன், ஆரக்கால் 22 தான் தேறியது. 24 இருக்க வேண்டும். பூச்சி அரித்து, பச்சை நிறம் வெளுத்து, மடிப்புகளில் துணி இற்றுப் போயிருந்தது.

"இதை என்னங்க பண்றது? குப்பையிலே போடக் கூடாதில்லையா?" என்றாள் மனைவி.

போடக் கூடாதுதான். என்ன செய்யலாம் என்று பார்த்தேன். கொடி விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. கிழிந்துபோன கொடியை, தனி இடத்தில், முழுவதுமாக, மரியாதைக்குக் குறைவில்லாத முறையில் அழித்துவிட வேண்டும், எரித்துவிடுவது உத்தமம். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே விதிதான். ஆனால் 1971-ஆம் வருஷத்துத் தேசிய கௌரவ அவமதிப்புத் தடைச் சட்டம், பொது இடத்திலோ பொது ஜனங்கள் கண்ணில் படுகிற வேறு எந்த இடத்திலோ தேசியக் கொடியை எரிப்பவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை என்கிறது. எங்கள் வீட்டுக்குக் கொல்லைப்புறம் கிடையாது. மொட்டை மாடிதான் உண்டு. அதை மூன்று பக்கத்து மாடிகளிலிருந்தும் பார்க்கலாம்.

ஆக, எரி என்று சொல்லுவதும் சட்டம். எரித்தால் உள்ளே போடுவேன் என்று சொல்லுவதும் சட்டம். துணி ஒன்று, தீக்குச்சி ஒன்று, சாம்பலும் ஒன்றுதான். எரிக்கிறவன் மனத்தில் என்ன இருக்கிறது, அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். கதை எழுதுகிறவனுக்கு இன்னொருவன் மனத்துக்குள் புகுந்து பார்ப்பது தொழில். சட்டமும் அந்தத் தொழிலில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தபோது, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் வேறொரு வீட்டில், வேறொரு மேஜை இழுப்பறையில், மடித்து வைக்கப்பட்டிருந்த கொடி ஒன்று என் நினைவுக்கு வந்தது.

அது நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதி. 1966 ஜூன் 6-ஆம் தேதி பிற்பகல். சிட்னி ஸ்ட்ரீட் என்ற கறுப்பர் தம் வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் மெரிடித் சுடப்பட்டார் என்று செய்தி வந்தது. மெரிடித் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க விமானப் படையில் பல ஆண்டுகள் பணி செய்தவர்; 1962-இல் மிஸிஸிப்பி சர்வகலாசாலையில் முதல் கறுப்பு மாணவராகச் சேர்ந்தவர். அவர் சேர்வதற்குள் கலவரம் மூண்டு உயிர்ச்சேதம் ஆனது. ராணுவம் வந்துதான் அவரைப் படிக்க வைத்தது. அதே மெரிடித், பயப்படாமல் ஓட்டுப் போடப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று தம் மக்களுக்குச் சொல்வதற்காக மெம்ஃபிஸிலிருந்து ஜாக்ஸன் நகரம் வரை நடந்து போகப் புறப்பட்டார். இரண்டாம் நாளே, சாலை ஓரத்துப் புதரிலிருந்து ஒருவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான்.

'அவரைக் காப்பாற்றவில்லையே!' என்று தமக்குள் சொல்லிக்கொண்டாராம் ஸ்ட்ரீட். எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தார். அங்கே ஒழுங்காக மடித்து வைத்த தேசியக் கொடி இருந்தது. தேசியத் திருநாட்களில் அவர் தம் வீட்டில் பறக்கவிட்டுவந்த கொடி. அதில் 48 நட்சத்திரங்கள். அலாஸ்காவும் ஹவாயியும் ராஜ்யங்களாகச் சேர்ந்த பிறகு 1960-லிருந்து அமெரிக்கக் கொடியில் 50 நட்சத்திரங்கள் ஆகிவிட்டன. இவர் வைத்திருந்தது பழைய கொடி. என் தாத்தாவின் 22 ஆரக்காலை எண்ணியபோது எனக்கு இந்த 48 தான் ஞாபகம் வந்தது. மடிப்புக் கலையாமலே அதை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். தீக்குச்சி கிழித்தார். பற்றிக்கொண்டதும் நடைபாதையில் போட்டார்.

கூட்டம் சேர்ந்தது. ரோந்துக் காரில் வந்த போலீஸ்காரர், 'நீதான் எரித்தாயா?' என்று கேட்டார். ஸ்ட்ரீட் மழுப்பவில்லை. ஆமாம், அது என் கொடி, நான்தான் எரித்தேன். மெரிடித்துக்கு இப்படி நடக்க விடுகிறார்கள் என்றால் நமக்கு அமெரிக்கக் கொடி எதற்கு என்றார். போலீஸ்காரர் கோர்ட்டில் அப்படித்தான் சாட்சி சொன்னார்.

'அது என் கொடி' என்று அவர் சொன்ன இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். வேண்டாத பொருளை ஒருவன் மடித்து இழுப்பறையில் வைப்பதில்லை. எந்தத் திருநாளுக்கு எடுத்து ஏற்றினோம், எத்தனை முறை ஏற்றினோம் என்பதெல்லாம் அவருக்கு நினைவு வராமலா இருந்திருக்கும்?

இந்த 'என் கொடி' என்ற பேச்சு எங்கள் குடும்பத்திலும் ஒருமுறை வந்திருக்கிறது. 1955-இல், இந்தித் திணிப்பை எதிர்த்து ஆகஸ்ட் முதல் தேதி தேசியக் கொடியைக் கொளுத்துவது என்று பெரியார் அறிவித்தார். தாத்தா கதர் கட்டுகிற காங்கிரஸ்காரர். பாட்டியின் தம்பியோ கறுப்புச் சட்டைக்காரர். இருவரும் ஒரே தெரு; ஒரே திண்ணை. ஜூலைக் கடைசியில் ஒருநாள் சின்னத் தாத்தா வந்து, "அத்தான், கடையிலே கொடி வாங்கக் காசில்லே. உங்க பீரோவிலே சும்மாத்தானே தூங்குது, அதைக் குடுங்களேன்" என்று வம்புக்கு இழுத்தாராம். தாத்தா வெற்றிலையை மென்று முடிக்கும் வரை பேசவில்லையாம். பிறகு, "மாப்பிள்ளே, கொளுத்தணும்னா உன் காசிலே வாங்கி உன்னுதைக் கொளுத்து. என்னுது மேலே கை வச்சே, அக்காளுக்குத் தம்பி இல்லேன்னு ஆயிடும்" என்றாராம். பாட்டி இருவருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தாளாம். இந்தியைக் கட்டாயமாகத் திணிப்பதில்லை என்று முதலமைச்சர் காமராஜர் உறுதி கூறவே பெரியார் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். திண்ணைச் சண்டையும் அதோடு ஓய்ந்தது.

தாத்தா கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவருக்குத் தெரியாமலே அதில் ஒரு பெரிய சட்டப் பிரச்னை அடங்கியிருந்தது. ஒருவன் காசு கொடுத்து வாங்கிய கொடி அவனுடையதா, ஊருடையதா? ஊருடையது என்றால் அதற்கு அவன் செய்யவேண்டிய மரியாதையையும் ஊரே வகுக்கலாமா?

அமெரிக்கர்கள் இந்தக் கேள்வியில் ஸ்ட்ரீட்டுக்கு வெகுகாலம் முன்பே மாட்டிக்கொண்டார்கள். அங்கே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்வது வழக்கம். அதை 1892-இல் எழுதியவர் ஃபிரான்ஸிஸ் பெல்லமி. எழுதியது ஒரு பத்திரிகைக்காக. அந்தப் பத்திரிகை பள்ளிக்கூடங்களுக்குக் கொடி விற்பனையும் செய்துவந்தது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை. முதலில் அந்த உறுதிமொழியில் 'என் கொடி' என்றுதான் இருந்தது. வேற்று நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் மனத்துக்குள் தங்கள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துக்கொண்டு சொன்னால் என்ன செய்வது என்று சிலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 1923-இல் 'என்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு நாட்டின் பெயரைச் சேர்த்தார்கள். மனத்துக்குள் புகுந்து பார்க்கும் வேலை அப்போதே ஆரம்பமாகிவிட்டது.

1935-இல் பென்ஸில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் லில்லியன் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணும் அவள் தம்பி, பத்து வயது வில்லியமும், கொடிக்கு வணக்கம் செய்ய மாட்டோம் என்றார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேவனைத் தவிர வேறு எந்த உருவத்துக்கும் வணக்கம் செலுத்தக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பையன் தன் குண்டுக் கையெழுத்தில் பள்ளி நிர்வாகிகளுக்குக் காரணம் விளக்கிக் கடிதமும் எழுதினான். அது இன்றும் அமெரிக்கப் பார்லிமெண்டின் நூலகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து வணக்க முறையில் வலது கையைக் கொடியை நோக்கி நேராக நீட்ட வேண்டும். அதே சமயத்தில் ஜெர்மனியில் அதே பிரிவினர் ஹிட்லருக்குக் கையை நீட்ட மறுத்துச் சித்திரவதை முகாம்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. குடும்பத்தின் பெயர் கோபிடாஸ். கோர்ட் காகிதத்தில் யாரோ குமாஸ்தா கோபிடிஸ் என்று எழுதிவிட, சரித்திரத்தில் அந்தத் தப்பே நிலைத்துவிட்டது. 1940 ஜூன் 3-ஆம் தேதி தீர்ப்பு. ஐரோப்பாவில் டன்கர்க் கடற்கரையிலிருந்து ஆங்கிலப் படை கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். பாரீஸ் விழப் பதினோரு நாள்தான் பாக்கி. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஸ்டோன் என்பவர் மாத்திரம் மறுபக்கம். தேச ஒற்றுமைக்காகப் பள்ளிக்கூடம் வணக்கத்தைக் கட்டாயமாக்கலாம் என்று முடிவு.

தீர்ப்பை எழுதிய ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. அவர் வியன்னாவில் பிறந்த யூதர். 1894-இல் ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத சிறுவனாகக் கப்பலில் வந்து இறங்கியவர். பள்ளிக்கூடமும் அதன் பொதுச் சடங்குகளும்தான் அவரை அமெரிக்கராக்கின. தமக்கு வாழ்வு கொடுத்த ஒன்றை மற்றவர்கள் மறுக்கும்போது அவருக்கு அது புரியவில்லை. நன்றியுள்ளவர்களுக்கு இப்படி ஒரு குருட்டுப் பக்கம் இருப்பதை நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறோம்.

தீர்ப்பு வெளியானதும் ஊர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த உத்தரவாக எடுத்துக்கொண்டன. ஆறே நாளில் மெய்ன் ராஜ்யத்தின் கென்னபங்க் என்ற ஊரில் அந்தப் பிரிவினரின் கூடத்தைக் கொளுத்தினார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில் சிலரைப் பிடித்து, குடம் குடமாக விளக்கெண்ணெய் குடிப்பாட்டாத குறையாக வாயில் ஊற்றி, கயிற்றில் பிணைத்துத் தெருவில் நடத்திக் கொண்டுபோய்க் கொடியின் முன் நிறுத்தினார்கள். அதில் ஷெரீப் இலாகா உத்தியோகஸ்தர் ஒருவரே முன்னின்றார். மரியாதை செய்யாதவனை மரியாதை செய்யவைக்க அவமரியாதையைத் தவிர வேறு கருவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றே வருஷத்தில் கோர்ட் தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்டது. மேற்கு வர்ஜீனியாவில் பார்னெட் என்ற குடும்பத்துச் சகோதரிகளின் வழக்கு அது. (இந்தப் பெயரையும் கோர்ட்டில் ஓர் எழுத்துக் கூட்டித் தப்பாகத்தான் எழுதினார்கள்.) அதற்குள் ஸ்டோன் தலைமை நீதிபதியாகியிருந்தார்; முன்பு எதிரணியில் இருந்த மூவர் மனம் மாறியிருந்தார்கள். 1943 ஜூன் 14-ஆம் தேதி, அமெரிக்கர்கள் கொடி நாள் என்று கொண்டாடும் அன்றைய தினமே, ஆறு பேர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம் என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் ராபர்ட் ஜாக்ஸன்; பின்னால் நூரெம்பர்க்கில் நாஜித் தலைவர்களின் மீது வழக்கு நடத்தியவர். எதை நம்ப வேண்டும் என்று சொல்லவோ, நம்புவதாக வாயால் ஒப்புக்கொள்ளச் செய்யவோ எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது என்பது அவர் கருத்து. பலாத்காரத்தால் உண்டாக்கும் ஒற்றுமை சுடுகாட்டில்தான் போய் முடியும் என்றும் எச்சரித்தார். ஃபிராங்க்ஃபர்ட்டர் கடைசி வரை மாறவில்லை.

கையை நீட்டாமல் இருக்கும் உரிமை இப்படிக் கிடைத்துவிட்டது. ஆனால் தீக்குச்சி கிழிக்கும் உரிமை? சிட்னி ஸ்ட்ரீட்டின் வழக்கு அந்த இடத்தில்தான் வந்து நின்றது.

நியூயார்க் சட்டம், கொடியைச் சொல்லாலோ செயலாலோ அவமதிப்பது குற்றம் என்றது. 1969-இல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஸ்ட்ரீட்டின் தண்டனையை நீக்கியது. ஆனால் எப்படி நீக்கியது என்று பாருங்கள். தீர்ப்பெழுதிய ஹார்லன், எரித்ததைத் தொடவே இல்லை. கொடியைப் பற்றி அவர் பேசிய வார்த்தைகளுக்காகவும் தண்டித்திருக்கக்கூடும், வார்த்தைக்குத் தண்டனை கூடாது, ஆகவே விடுதலை என்றார். பிரதான வாசலைப் பூட்டிவிட்டு, சமையற்கட்டு வழியாக அனுப்பிவைத்தது மாதிரி. பேச்சு சுதந்திரத்துக்காக ஆயுள் முழுதும் வாதாடிய ஹ்யூகோ பிளாக்கும், கறுப்பர் பிள்ளைகளுக்கு வெள்ளையர் பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட தலைமை நீதிபதி வாரனும் இந்த வழக்கில் ஸ்ட்ரீட்டுக்கு எதிர்ப்பக்கம். கொடி என்று வந்துவிட்டால் பெரிய மனசுகளுக்கும் ஓர் எல்லை இருந்தது.

பிரதான வாசல் திறக்க இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. திறந்துகொண்டு போனவரோ, கதாசிரியன் தேர்ந்தெடுக்கக்கூடிய ஆள் அல்ல. 1984 ஆகஸ்டில் டல்லாஸ் நகரத்தில் ரிபப்ளிகன் கட்சி மாநாடு நடந்தபோது ஏறக்குறைய நூறு பேர் ஊர்வலம் போனார்கள். வழியில் ஒரு கட்டடத்துக் கம்பத்திலிருந்து ஒருவன் கொடியை இறக்கி கிரெகரி லீ ஜான்ஸன் என்ற இளைஞரிடம் கொடுத்தான். நகர மண்டபத்தின் முன்னால் ஜான்ஸன் அதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். சுற்றிலும் மற்றவர்கள் வசைக் கோஷம் போட்டார்கள். மடிப்பும் இல்லை, இழுப்பறையும் இல்லை. அவர் கொடியே இல்லை. என் தாத்தா மட்டும் அங்கே இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் டெக்ஸாஸ் அதிகாரிகள் அவர் மீது தொடுத்தது திருட்டு வழக்கு இல்லை. போற்றத்தக்க பொருளை அவமதித்ததாக வழக்கு. ஒரு வருஷ ஜெயில், இரண்டாயிரம் டாலர் அபராதம்.

1989 ஜூன் 21-ஆம் தேதி அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் அவர் விடுதலையானார். தீர்ப்பெழுதிய பிரென்னன், நான் மொட்டை மாடியில் நின்று யோசித்ததைத்தான் சட்ட மொழியில் எழுதியிருந்தார். கிழிந்த கொடியை எரிப்பதற்கு அனுமதி உண்டு என்றால், ஜான்ஸன் செய்த குற்றம் எரித்தது ஆகாது; எரித்ததன் மூலம் சொன்ன அபிப்பிராயமே குற்றமாகிறது. அபிப்பிராயம் மனத்தைப் புண்படுத்துகிறது என்பதற்காக அதற்குத் தண்டனை விதிக்க முடியாது. ஐவரில் ஒருவரான ஸ்காலியா, என் சொந்த இஷ்டத்துக்கு விட்டால் கொடி எரிக்கிறவனை ஜெயிலில் போடுவேன் என்று பிற்காலத்தில் மேடைகளில் சொல்லிவந்தவர். மறுபக்கத்து நால்வரில் ஒருவரான ஸ்டீவன்ஸ், உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். அந்தக் கொடிக்காகச் செத்தவர்களை நினைத்து எழுதியிருந்தார். அந்த நால்வரின் வாதத்தைப் படித்தபோது எனக்கும் நெஞ்சை அடைத்தது என்பதை மறைப்பானேன்? அதன் பிறகு அமெரிக்கப் பார்லிமெண்ட் புதுச் சட்டம் செய்தது. 1990-இல் கோர்ட் அதையும் தள்ளியது. அரசியல் சட்டத்தையே திருத்திவிடலாம் என்ற முயற்சி 2006-இல் செனட் சபையில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது.

ஸ்ட்ரீட்டுக்கு முழு விடுதலையும் ஜான்ஸனுக்குப் பாதி விடுதலையும் கொடுத்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் யாருடைய எரிப்பு உருக்கமானது, யாருடையது வெறும் கூச்சல் என்று மார்க் போடும் வேலையை நீதிபதியிடம் கொடுத்தால், நாளைக்கு அவர் என்னைப் போன்ற கதாசிரியராகிவிடுவார். தமக்குப் பிடித்த பாத்திரத்தை மட்டும் காப்பாற்றுவார்.

நம் நாட்டில் எரிப்பதற்கு இடம் இல்லை. 1957-இல் பெரியாரின் அரசியல் சட்ட எரிப்புப் போராட்டத்தை ஒட்டிச் சென்னைச் சட்டசபை அவசரமாக ஒரு சட்டம் செய்தது. தண்டனை மூன்று ஆண்டு வரை. 1971-இல் மத்திய சட்டம் வந்தது. ஆனால் கையை நீட்டாமல் இருக்கும் உரிமை இங்கேயும் உண்டு. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகளான மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஹைகோர்ட் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, கோபிடிஸ் வழக்கையும் பார்னெட் வழக்கையும் எடுத்துப் பேசி, பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். மைனர்ஸ்வில் பையன் எழுதிய கடிதத்துக்குப் பதில் அரை நூற்றாண்டு கழித்து நம் ஊர்ப்பக்கமும் வந்து சேர்ந்தது.

நவீன் ஜிந்தால் என்ற தொழிலதிபர் தம் தொழிற்சாலையில் தினமும் கொடி ஏற்றுவதை அதிகாரிகள் தடுக்க, அவர் தொடுத்த வழக்கில் 2004-இல் வேறொரு தீர்ப்பும் வந்தது. மரியாதையோடு கொடி ஏற்றுவது, எல்லைக்கு உட்பட்ட பேச்சுரிமையின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. முன்னெல்லாம் சாதாரண ஜனங்கள் நினைத்த நாளில் கொடி ஏற்ற முடியாது. ஏற்றுவது பேச்சு என்றால் இறக்குவது என்ன என்று வழக்கறிஞரான என் நண்பரிடம் கேட்டேன். "கதை எழுதறதோட நிறுத்திக்குங்க சார்" என்றார்.

டல்லாஸில் அன்று மாலை கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் வந்து, நடைபாதையில் கிடந்த கருகிய துணித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்த் தம் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். கோர்ட்டில் சாட்சியும் சொன்னார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிரென்னனின் தீர்ப்பில் அவரைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்லிவிட்டு, எரித்துவிடலாமா, வேண்டாமா என்று கேட்டேன். "மாடியிலே வேண்டாம். எதிர்வீட்டுப் பையன் கையிலே எப்பவும் செல்போன்" என்றாள். கொல்லை இருந்தால் புதைக்கலாம் என்றேன், அதற்கும் இடமில்லை. இற்றுப்போன மடிப்பு மேலும் கிழியாதபடி பழைய பட்டுப் புடவைத் துண்டில் சுற்றி, அந்துருண்டை நான்கு வைத்து, அதே அடித்தட்டில் வைத்தோம். பீரோவைப் பூட்டிச் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.